நாலு அங்குலம் உயர்ந்த ஜீப்பும் கீழ் லயத்துச் சுவரும்

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று என் மனைவி நம்புகிறாள். மறுத்துப் பேச இன்றுவரை எனக்கு வலுவான ஆதாரம் எதுவும் சிக்கவில்லை.

எங்கள் தோட்டம் கரவனெல்லையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. கீழே இறப்பர், மேலே தேயிலை, நடுவில் நான் தமிழும் வரலாறும் படிப்பிக்கும் பாடசாலை. என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. மேல்துணியைக் கழற்றிவிட்டால் பின்பக்கம் ஒரு சிறிய லொறியாகிவிடும். தோட்டத்துக்கு ஏறும் வழியில், ஒரு வளைவில், பாறை ஒன்று பாதைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜீப்பை ஏன் உயர்த்தினாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் அந்தப் பாறையைத்தான் காட்டினேன். உண்மையில் அந்தப் பாறை என் ஜீப்பின் வயிற்றை ஒரு நாளும் தொட்டதில்லை.

உண்மைக் காரணம் சின்ன தொரை. உதவி முகாமையாளரை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். புதிதாக வந்த இளைஞர், மரியாதையானவர். ஒரு காலை தன் உயரமான பிக்அப்பை என் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். வணக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. குனிந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில், நான் சொல்லி வரவழைத்த பெட்டி வந்தது. நாலு அங்குலம் உயர்த்துவதற்கான புது ஸ்பிரிங் தகடுகள், நீளமான ஷொக் அப்ஸோபர்கள், வளைந்த இரும்புக் கை ஒன்று, ஒரு பொலித்தீன் பைக்குள் நாலு இரும்பு ஆப்புகள், பன்னிரண்டு பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம். ஆயிரம் பக்க நாவல்களை அடிக்குறிப்பு சகிதம் வாசித்து முடிக்கிறவன் நான். இந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஏழோடு நிறுத்திக்கொண்டேன். எட்டாம் பக்கத்திலிருந்து கோணங்களும் பாகைகளும் வந்தன. அவற்றை நான் பாடசாலையிலேயே மன்னித்து அனுப்பிவிட்டேன்.

லொறிக்கு ஸ்பிரிங் கட்டுகிற ஒருவரைப் பிடித்து வேலையை முடித்தேன். அவர் கீழே கிடந்து முறுக்க, நான் மேலே நின்று வாசித்து மொழிபெயர்த்தேன். வேலை முடிந்தபோது அவர் பொலித்தீன் பையையும் அந்த வளைந்த கையையும் தூக்கிக் காட்டினார்.

"இது எதுக்கு சேர்?"

"அது மேலதிகமா தர்றது" என்றேன். மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். தெரியாத இடத்தில் தன்னம்பிக்கையைப் போட்டு நிரப்புவது. ஆப்புகளில் இரண்டு எங்கள் வீட்டுக் கதவுகளைக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் தாங்கின. அந்த அளவில் மிகவும் பயனுள்ள பொருள்கள்.

ஜீப் அழகாகத்தான் நின்றது. ஏறத்தான் முடியவில்லை. மனைவிக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எந்நேரமும் பின்னால் வைத்திருந்தேன். ஓட்டத்திலும் சில புதுப் பழக்கங்கள் வந்திருந்தன. குழியில் விழுந்தால் ஸ்டியரிங் என்னைக் கேட்காமல் தானே வலப்பக்கம் திரும்பியது. அவிசாவளைப் பாதையில் கொஞ்சம் வேகம் பிடித்தால் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடித்து, ஸ்டியரிங்கை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தன. பாரத்தோடு ஏற்றத்தில் புறப்பட்டால், ஆசனத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் கிளம்பி, நனைந்த நாய் உடம்பை உதறுவது போல வண்டி முழுவதையும் ஒரு உதறு உதறி ஓயும்.

"இது ஜீப்பா, மாவு அரைக்கிற மெஷினா?" என்றாள் மனைவி.

"புது ஸ்பிரிங். பழகணும்" என்றேன், புதுச் செருப்பைப் பற்றிச் சொல்வது போல.

இந்த நிலையில்தான் கோயில் திருவிழா வந்தது. எங்கள் மாரியம்மன் வருடத்தில் இரண்டு தடவை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி வருவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டோடு இன்னொரு சுற்று. வழக்கமாகத் தோட்டத்து டிரக்டர் பெட்டியில்தான் போவாள். இந்த முறை டிரக்டரின் கியர் பெட்டி உடைந்து கிடந்தது. கோயில் தலைவர் இரண்டு கமிட்டிக்காரரோடு வீட்டுக்கு வந்தார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறவர் அவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"சேர், ஒங்க ஜீப்பு இப்ப நல்லா ஒசந்து நிக்குது. ஆத்தாளுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

ஊரில் ஒருவர் கவனித்துவிட்டார். நான் மறுநொடியே சரி என்றேன்.

கீழ் லயத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதன் கடைசி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பதுக்குக் கிட்ட வயது. ஆறு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி, இப்போது இறப்பர் பால் வெட்டுகிறாள். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், லயத்து ஒற்றையறைக் காம்பராவின் பக்கவாட்டில் சீமெந்துக் கல்லால் ஒரு குசினி கட்டியது. ஜன்னல் வைத்த குசினி. லயத்து அடுப்படியில் கண் எரிய நிற்கிறவர்களுக்கு அந்த ஜன்னல் என்ன என்பது தெரியும். ஆனால் சுவர் பாதைப் பக்கம் ஒன்றரை அடி வெளியே வந்துவிட்டது. டிரக்டர் தாராளமாகப் போகும். இருந்தாலும் அது சாமி போகும் பாதை என்று கமிட்டியில் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜீப்புக்குச் சந்தனம் பூசி, வாழைமரம் கட்டி, பின்னால் பீடம் வைத்து, அம்மனை ஏற்றினார்கள். பின்னால் வளைந்த பித்தளைத் திருவாசி, அதில் சின்னச் சின்ன மணிகள், கழுத்தில் எலுமிச்சை மாலை. பூசாரியும் நாலைந்து பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு மாலை விழுந்தது. தப்பு மேளம் முழங்க, லயம் லயமாக நின்று அர்ச்சனைத் தட்டம் வாங்கிக்கொண்டு போனோம். சமதரையில் ஜீப் நன்றாகவே நடந்துகொண்டது. அம்மனுக்குப் பயந்துவிட்டது என்று நினைத்தேன்.

கீழ் லயத்தின் கடைசி வீட்டோடு சமதரை முடிகிறது. அதற்கப்புறம் மேல் லயத்துக்குச் செங்குத்தான ஏற்றம். அந்தப் பெண் குளித்து, தலை ஈரம் காயாமல், தட்டத்தோடு குசினி வாசலில் நின்றாள். பூசை முடிந்தது. நான் கிளச்சை விட்டேன். ஆசனத்துக்கு அடியில் அது கிளம்பியது. வண்டி உதறியது. மணிகள் அத்தனையும் கலகலவென்று ஒலித்தன. திருவாசி ஆடியது. அம்மன் கழுத்திலிருந்து ஒரு எலுமிச்சை கழன்று உருண்டு, நேரே அவள் வாசற்படியில் போய் நின்றது.

தப்பு நின்றுவிட்டது.

"சேர், ஒருக்கா பின்னுக்கு எடுத்து மறுபடி எடுங்க" என்றார் தலைவர்.

எடுத்தேன். அம்மன் மறுபடி ஆடினாள். மூன்றாம் தடவையும் ஆடினாள். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்து, "என் வழி, என் வழி" என்று தலையை விரித்தாள். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தா வழி கேக்குது" என்றார். "நாங்க எத்தன தடவ சொன்னோம் தங்கச்சி. ஒனக்குக் கேக்கல. இப்ப அவளே சொல்லிட்டா."

அவள் குரல் உயரவில்லை. "ஆடுறது ஜீப்பு அண்ணே. கீழ சக்கரத்துக்கிட்ட இருந்துதான் ஆட்டம் வருது. நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

"சாமிய ஜீப்புங்கிறியா?"

"சாமிய சொல்லல. ஜீப்ப சொல்றேன். சேர் இருக்காரே, அவர்ட்டயே கேளுங்க." என் பக்கம் திரும்பினாள். "சேர், நீங்க சொல்லுங்க. ஜீப்புதானே ஆடுது?"

முழுத் தோட்டமும் என்னைப் பார்த்தது. எனக்கு அந்த நடுக்கத்தை மூன்று வாரமாகத் தெரியும். எங்கே தொடங்கும், எத்தனை நொடி நிற்கும் என்றுகூடத் தெரியும். உண்மையைச் சொன்னால், ஊரெல்லாம் நின்று பார்த்த என் உயரமான ஜீப் ஓட்டை என்றாகும். அந்த ஓட்டையில் தெரிந்தே சாமியை ஏற்றினேன் என்றாகும். கழுத்தில் மாலை வேறு இருந்தது.

"ஜீப்புல ஒரு கோளாறும் இல்லையே" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. ஒரு கணக்கில் விடை தவறாக வந்தால் வாத்தியார் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து எலுமிச்சையை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி திரும்பி வருவதற்குள் சுவரை எடுத்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவானது. வேறு யாரும் கை வைக்க வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் காலை கரவனெல்லைக்கு இறங்கினேன். அங்கே ஒரு முஸ்லிம் மெக்கானிக் இருக்கிறார்; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஜீப்பை உயர்த்தும் யோசனையை முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றதால்தான் ஸ்பிரிங்காரரிடம் போனேன். இப்போது நான் வந்து இறங்கும் அழகைப் பார்த்தார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"சேர், ஒசத்தினது நல்லம். மத்த சாமான் எங்க?"

"எந்த மத்த சாமான்?"

"கியர் பெட்டியிலருந்து பின் அக்ஸலுக்கு ஒரு தண்டு போகுதுதானே. நீங்க ஒடம்ப ஒசத்திட்டீங்க, அக்ஸல் கீழயே ஈக்கு. இப்ப தண்டு ஏணி மாதிரி சரிஞ்சி ஈக்கு. ரெண்டு பக்கத்து ஜொயின்டும் ஒரே அளவா மடங்கினாத்தான் ஒழுங்கா சுத்தும். இது ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொற. பாரத்தோட மேட்டுல எடுத்தா ஸ்பிரிங்கு முறுகி அக்ஸல்ட மூக்கு மேல தூக்கும். அப்ப தண்டு குதிக்கும். அதுக்குத்தான் ஆப்பு வைக்கிற. ஸ்டியரிங்குக்கு வளஞ்ச கை ஒண்டும் வந்திருக்கணுமே."

"ஆப்பு வீட்டுல இருக்கு" என்றேன்.

"வீட்டுல என்ன செய்யுது?"

"கதவுக்கு."

கீழே டோர்ச் அணைகிற சத்தம் கேட்டது.

நாளைக்கு ஜீப் ஆடாமல் போக வேண்டும், எப்படியாவது இன்றே செய்து தாருங்கள் என்றேன். ஏன் அவசரம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முகத்திடம் சொல்வதைவிடக் கால்களிடம் சொல்வது எளிதாக இருந்தது. எலுமிச்சை வரை சொன்னேன். என் திட்டத்தையும் சொன்னேன். ஜீப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவது. நாளை அம்மன் ஆடாமல் போவாள், எல்லாரும் மறந்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

"சுவர எப்ப ஒடைக்கிற?"

"இன்டைக்கு."

"அப்ப இன்டைக்கு சுவர் போற. நாளைக்கு நான் செஞ்சு தந்த ஜீப்பு ஆடாம போற. ஊரு என்ன செல்லும்? சுவர ஒடச்சதுதான் சரி, இந்தா பாருங்க கோவம் போயிட்டுதுண்டு செல்லும்." கால்களோடு இப்போது தலையும் வெளியே வந்தது. கிரீஸ் பூசிய முகம். "என்ட கையால அந்தப் பொம்புளட குசினிய ஒடைக்கச் செல்றீங்க. நான் மாட்டன் சேர்."

அதுவரை நான் என்னைக் கோழை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். கோழைத்தனத்துக்கு இவ்வளவு துல்லியமாகத் திட்டமும் போடுவேன் என்பது எனக்கே செய்தி. ஜீப்பைத் திருத்தாமல் அப்படியே திருப்பினேன்.

"என்ட பேர அங்க செல்ல வாணாம்" என்றார் நானா. "சாமி விஷயம்."

அன்று குழிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தபோதெல்லாம், அது என்னைத் திரும்பிப் போகச் சொல்கிறது என்று ஒரு ஆசை வந்தது. நான் போகவில்லை. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியபடி ஏறினேன்.

கீழ் லயத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தலைவரும் நின்றார். அவள் ஒரு உளியால் சீமெந்தைத் தட்டித் தட்டி, கல்லை உடையாமல் எடுத்து, ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வரிசை போயிருந்தது. ஜன்னலுக்கு மேலே இப்போது வானம் இருந்தது.

"தலைவர், அத நிப்பாட்டச் சொல்லுங்க. நேத்து ஆடுனது ஜீப்புதான்."

அவர் என்னை ஒரு முறை நிறுத்துப் பார்த்தார். "நேத்து கோளாறு இல்லன்னீங்களே சேர்."

"பொய் சொன்னேன்."

"சாமி முன்னுக்கா?"

சாமி எனக்குப் பின்னால்தான் இருந்தது என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நகைச்சுவையை விழுங்கினேன். அதன் ருசி நன்றாக இல்லை.

"இப்ப பாவம் பாத்து சொல்றீங்க" என்றார் தலைவர். "அதெல்லாம் சரிவராது."

அவள் உளியைக் கீழே வைத்தாள். அடுக்கிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து ஜீப்பின் பின்பக்கம் போட்டாள். அதில் கால் வைத்து, பலகையைப் பிடித்து, ஏறி நின்றாள்.

"எடுங்க சேர். சாமி இல்லாம ஆடுதான்னு பாப்போம்." பிறகு லயத்துப் பெண்களைப் பார்த்து, "பாரம் பத்தாது, நீங்களும் ஏறுங்க அக்கா" என்றாள்.

ஆறு பேர் ஏறினார்கள். ஒருத்தி வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னாலிருந்த பூசை மணியை எடுத்துவந்து, பக்கத்துக் கம்பியில் கட்டினாள். நான் கிளச்சை விட்டேன். நனைந்த நாய் உதறியது. மணி அடித்தது. பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தலைவர் அசையவில்லை. "இந்த எடத்துல ஆடும். நான் இல்லங்கல. எடத்துலதானே குத்தம்."

நியாயமான ஐயம்தான். மேல் லயத்துக்கு ஏறும் வழியில், இன்னொரு செங்குத்தான இடத்தில், தலைவரின் சொந்த வீடு இருக்கிறது. அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டம் பின்னாலேயே நடந்து வந்தது. எடுத்தேன். முன்னதைவிடக் கடுமையாக உதறியது. மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது.

"தலைவரண்ணே" என்றாள் அவள், மேலிருந்து. "ஆத்தா இப்ப ஒங்க வீட்டு முன்னுக்கும் ஆடுது. ஒங்க சுவர எப்ப ஒடைக்கப் போறீங்க?"

வீட்டுக்குள்ளிருந்து தலைவரின் மனைவி சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அதற்குப் பிறகு அவரால் பெரிதாக வாதாட முடியவில்லை. "ஜீப்ப நிப்பாட்டுங்க சேர்" என்றார். கொஞ்சம் நடந்து போய், திரும்பாமலே, "சுவர் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நாளைக்கு ஆத்தாளைத் தோளில் தூக்குவோம் என்று கமிட்டிக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்பதற்காகத்தான் சொன்னார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவளும் இறங்கினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஸ்பீக்கர்ல சொல்லுங்க சேர்."

"என்னத்த தங்கச்சி?"

"மூணு டிவிஷன்லயும் நேத்தே பேச்சு போயிருச்சு. என் குசினி சாமிக்கு ஆகலன்னு. காலையில பால் கொண்டுபோன எடத்துல என்னைய ஒரு மாதிரியா பாக்குறாங்க. இங்க நின்ன பத்துப் பேருக்குத் தெரிஞ்சா போதுமா?"

"நான் வீடு வீடா போய் சொல்லிர்றேன்."

"பொய்ய வீடு வீடாவா சொன்னீங்க?"

கோயில் ஒலிபெருக்கியில் திருவிழாக் காலத்தில் அறிவிப்புச் செய்கிறவன் நான்தான். என் தமிழுக்குத் தோட்டத்தின் மூன்று பிரிவுகளிலும், அதாவது மூன்று டிவிஷனிலும், ஒரு பெயர் உண்டு. கோபுரத்தின் மேலே நாலு பக்கமும் நாலு குழாய்கள். கோயிலுக்குப் போனேன்; பூசாரி பாட்டை நிறுத்தினார். நான் தொண்டையைச் செருமி, அன்பார்ந்த பக்தப் பெருமக்களே என்று தொடங்கி, நேற்றைய ஊர்வலத்தின்போது வாகனத்தில் ஏற்பட்ட எதிர்பாராத அதிர்வு குறித்துச் சில தவறான விளக்கங்கள் பரவியிருப்பதாகவும், அதிர்வுக்கு இயந்திரக் காரணங்களே அடிப்படை என்பது தற்போது தெளிவாகியிருப்பதாகவும், ஒரு குழப்பமும் இல்லாமல் சொல்லி முடித்தேன். நல்ல அறிவிப்பு. அதில் ஜீப் இருந்தது, பாதையின் சரிவு இருந்தது, நேற்றுப் பெய்த தூறல்கூட இருந்தது. நான் மட்டும் இல்லை.

ஐந்து நிமிடத்தில் கீழ் லயத்திலிருந்து ஒரு அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"சேர், கீழ்ப்பக்கத்துக்குக் கேக்கலயாம்."

கீழ்ப்பக்கக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பேசியபோது கீழ் லயத்துக் கூரைகளில் பட்டு என் குரல் எனக்கே திரும்பி வந்ததைக் கேட்டிருந்தேன். அக்காவுக்கும் அது தெரியும். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி ஒலிவாங்கியை எடுத்தேன்.

"நேத்து ஆடுனது சாமி இல்ல. என் ஜீப்பு. அது அப்பிடித்தான் ஆடும்னு எனக்கு மூணு வாரமா தெரியும். அந்தத் தங்கச்சி எல்லாருக்கும் முன்னுக்கு என்னைய கேட்டுச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதனால பொய் சொன்னேன். அதோட குசினியில ஒரு குத்தமும் இல்ல."

கூரைகளில் பட்டு அது திரும்பி வந்தது. முதல் அறிவிப்பைவிடச் சத்தமாகத் திரும்பியது போலப் பட்டது. நான் உடனே ஒலிவாங்கியை அணைக்கவில்லை. இன்னொரு ஆள் ஏறி வருமோ என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அக்கா தூணை விட்டார்.

"போய் சொல்லுங்கக்கா" என்றேன். "இறக்குன மூணு வரிசையையும் பின்னேரம் நானே வந்து கட்டிக் குடுக்குறேன்னு. சீமெந்தும் கொழைக்கிறேன்னு."

அவர் இறங்கிப் போனார். பதில் வரக் கொஞ்சம் நேரமாகியது. இந்த முறை அக்கா மேலே ஏறி வரவில்லை. பாதி வழியில் நின்று, கையை வாயருகே குவித்து, தேயிலைக்குள் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சேர் வேணாமாம். சுவர் நேரா நிக்கணுமாம்."